பார்வை விலகல்

1974 ஐப்பசியில், இறந்து ஆறு மணி நேரமாகியிருந்த அடி அண்ணாமலைக் கிராமத்து வேடியப்பன், ஸ்டூடியோக்காரர் குலாம் ரசூல் எடுத்த படத்தில் கண்ணைத் திறந்திருந்தார். அந்த வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்தது; ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. நெருப்பே மலையாய் நின்றுவிட்ட ஊரில் ஒரு குடியானவர் கண் திறப்பது பெரிய சேதியில்லை.

அப்போதெல்லாம் பலருக்கு முதல் போட்டோவே செத்த பிறகுதான். குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, தலை சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பார். பிறகு மூடிய இமைகளின் மேல் பிரஷ்ஷால் கண் வரைந்து சட்டம் போட்டுக் கொடுப்பார். அதில் தேரடி வீதி சக்கரபாணியை அடிக்க ஆளில்லை. அவர் வரைந்தால் சாராயத்தில் செத்தவனுக்கும் கலெக்டர் பார்வை வரும். குலாம் ரசூலுக்கோ கண் வரையவே வராது; மூடிய கண்ணோடேயே படத்தைக் கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சக்கரபாணி கடைக் கண்ணாடி முன் நின்று, உள்ளே இருக்கும் படங்களோடு தன் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு மையில் குற்றம் எழுதுவார்: வெளிச்சம் ஜாஸ்தி. கழுத்து கோணல். எடுத்தவன் சரியில்லை. "பாத்துப் பாத்தே அந்தாளு கண்ணாடிய தேச்சிட்டீங்க" என்பார் மனைவி குர்ஷித் பேகம்.

வேடியப்பன் கண் திறந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அது கேமராவைப் பார்க்காமல் இடப்பக்கம் எங்கோ பார்த்ததுதான் உறுத்தியது. 'பார்வை விலகல்' என்று எழுதி, கூசிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார். வேடியப்பனின் மனைவி கன்னியம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மாட்டுக் கொட்டாயப் பாக்குது. சாவறப்பகூட செவல கன்னு போட்டுச்சான்னுதான் கேட்டுச்சு. என்னிய எங்க பாத்துச்சு?" என்று சொல்லிவிட்டு அழுதார்.

பிறகு பத்து வருஷம், குலாம் ரசூலின் பிணங்கள் எல்லாம் கண்ணைத் திறந்தன. ஒன்றுகூட நேராகப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தன, சோற்றுப் பானையைப் பார்த்தன. ஒருவர் எதிர்வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தப் படத்துக்கு மட்டும் சட்டம் போடவில்லை. ஒவ்வொன்றையும் குலாம் ரசூல் தன் கைக்கோளாறு என்றே எழுதினார். 1984 மாசியில் கேமராவைத் தகரப் பெட்டியில் பூட்டி, வாணியம்பாடியில் மச்சானின் தோல் மண்டியில் வேலைக்குச் சொல்லி வைத்தார்.

அதே வாரம் சக்கரபாணியின் மகள் கஸ்தூரி மூளைக் காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது வயது. ஊரையே எடுத்தவரிடம் மகள் படம் ஒன்றுகூட இல்லை; எப்போது உட்கார வைத்தாலும், ஆடுகிறாள் என்று எழுப்பி விட்டுவிடுவார். சக்கரபாணி குலாம் ரசூலின் வாசலில் வந்து நின்றார்.

"எம் பொண்ணு கண்ணு எப்பிடி இருக்கும்னு ஞாபகம் வரல, பாய். பிரஷ்ஷ எடுத்தா ஊருக்கெல்லாம் போட்ட கண்ணுதான் வருது. நீங்க வாங்க."

"உங்க அளவுக்கு எனக்கு வராதுங்க. பார்வை நேரா நிக்காது."

"நிக்க வேணாம்."

குலாம் ரசூல் பெட்டியைத் திறந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்று மகளின் தலையைப் பிடித்துக்கொண்டது சக்கரபாணிதான். கழுவிய படத்தில் கஸ்தூரி அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிற எரிச்சலோடு. "திட்டுறா" என்றார் சக்கரபாணி. "ஆடாத ஆடாதன்னு உயிர வாங்குவேன். அதான் திட்டுறா." ஈரம் காயாத படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். குலாம் ரசூல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத் திறந்திருந்தார், அப்படியே மூடினார். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். தோல் மண்டிக்குப் போகவில்லை.

அதன் பிறகு, இழவு வீட்டில் பாய் வருவதற்குள் யார் எங்கே நிற்பது என்று சொந்தக்காரர்கள் அடித்துக்கொள்வது ஊரில் வழக்கமானது. 1987இல் கன்னியம்மாள் இறந்தார். படத்தில் அவர், சுவரில் தொங்கிய வேடியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். வேடியப்பன் இன்னும் மாட்டுக் கொட்டகையைத்தான் பார்க்கிறார்.