பரமகுரு அங்கிள் வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனது

புஸ்தகத்துல ஒரு சாவு படிச்சா எங்க மாடி வராண்டால ஒரு வீடு கூடும். படிச்சவங்கதான் போய் துக்கம் கேக்கணும். வந்து தலைக்குக் குளிக்கணும். சாதாரணச் சாவுன்னா வீடு வராது. ஏன் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாத சாவுக்கு மட்டும்தான் வரும்.

மெதுவாத்தான் சொல்வேன். கிட்ட வந்து கேளு.

எனக்கு அந்த மாதிரி புஸ்தகம்தான் புடிக்கும். படிச்சா பயமா இருக்கும். பயம் போறதுக்கு இன்னொன்னு படிப்பேன்.

வராண்டா நீண்டுக்கிட்டே போச்சு. எங்க வீட்டுலேர்ந்து மாடிப்படிக்குப் போக ஷேர் ஆட்டோ விட்டாங்க. அம்மா அதுலதான் வேலைக்குப் போவாங்க. நான் குளிச்சுக் குளிச்சே டேங்க் காலியாகுதுன்னு அசோசியேஷன் செக்ரட்டரி தங்கப்பழம் அங்கிள் வந்து சத்தம் போட்டார். புள்ளைய கணக்குப் புஸ்தகம் படிக்கச் சொல்லுங்க, அதுல யாரும் சாக மாட்டாங்கன்னார். அம்மா அதுக்கும் தலையாட்டுனாங்க.

அப்புறம் பரமகுருன்னு ஒருத்தரப் படிச்சேன். பாத்ரூம் தொட்டில மூழ்கிச் செத்திருந்தார். கதவு உள்பக்கம் தாழ். தொட்டில ஒரு சொட்டு தண்ணி இல்ல. காரணம் கடைசிவரை தெரியலன்னு போட்டு பக்கம் முடிஞ்சிருச்சு. எந்திரிச்சுக் கதவத் தொறந்தேன். எதுத்தாப்ல சாமியானா கட்டியிருந்தாங்க.

துக்க வீட்டுல எப்படி நடந்துக்கணும்னு அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும். அப்புறம் யார்கிட்டயும் சொல்லிக்காம எந்திரிச்சு வந்துரணும்.

உக்காந்தேன். பரமகுரு அங்கிள் தலைமுடி இன்னும் ஈரமா இருந்துச்சு. அதப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு. எந்திரிச்சு, வீட்ல தெனம் சொல்ற பழக்கத்துல, அவர் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டேன்.

"போயிட்டு வரேன் ஆன்ட்டி."

அழுதவங்க நிறுத்திட்டாங்க. மேளக்காரர் குச்சிய மடியில வச்சுட்டார். ஆன்ட்டி என்ன நிமிந்து பாத்தாங்க.

"சரிம்மா. இருக்கோம்."

அதுக்கப்புறம் அவங்க பொணத்த எடுக்கவே இல்ல. பூவெல்லாம் காஞ்சு போன பாடை வராண்டாலயே நின்னுச்சு. ஷேர் ஆட்டோ அத சுத்திக்கிட்டுப் போச்சு. ஏன் எடுக்கலன்னு கேட்டவங்ககிட்டல்லாம், அந்தப் பொண்ணு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்குன்னு ஆன்ட்டி சொன்னாங்களாம்.

தங்கப்பழம் அங்கிள்தான் அம்மாவத் தனியா கூப்பிட்டு விஷயத்தச் சொன்னார். இந்த மாதிரி வீட்டுல வரேன்னு சொல்லிட்டா, திரும்பி சும்மா பாத்துட்டு வரப் போக முடியாது. செத்தவருக்குப் பக்கத்துல படுக்கத்தான் போக முடியும். சொல்லிட்டு, இந்த மாசம் தண்ணி கொஞ்சம் மிச்சமாகும்னார். அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு.

அம்மா என்னத் திட்டல. எனக்குத் தல வாரிவிட்டாங்க. கையப் புடிச்சு எதுத்த வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. சின்னப் புள்ள, தெரியாம சொல்லிருச்சு, விட்டுருங்கக்கான்னு கெஞ்சுனாங்க.

ஆன்ட்டி கோவப்படல. விடலாம் தங்கச்சி, ஆனா காதுல விழுந்துருச்சேன்னாங்க. கொஞ்சம் யோசிச்சுட்டு ஒரு வழி சொன்னாங்க.

"இவர் ஏன் செத்தார்னு சொல்லச் சொல்லு. காரணம் தெரிஞ்சா இது சாதாரணச் சாவு. புஸ்தகத்துல வராது. இந்த வீடு இங்க இருக்காது. உம்பொண்ணு இங்க வந்தே இருக்க மாட்டா."

போலீசுக்கே தெரியலயே, எனக்கு எப்படித் தெரியும்னேன். படிச்சது நீதான, அவரையே கேளுன்னாங்க.

உள்ள போய்க் குனிஞ்சு கேட்டேன். அவர் கண்ணத் தொறக்கல. என் காதுல மட்டும் சொன்னார்.

"தொட்டி நெறஞ்சுதான் இருந்துச்சு. வழுக்கி உள்ள விழுந்துட்டேன். அவளக் கூப்பிட்டேன். துண்டு கேக்கறேன்னு நெனச்சிட்டா. இதோ வரேன்னா. அப்புறம் தக்கை கழண்டு தண்ணி அதுவா இறங்கிருச்சு. வேற ஒண்ணும் இல்ல."

நான் படிச்ச சாவுலயே இதுதான் சின்னது.

நிமிந்தேன். அம்மா என் மணிக்கட்டப் புடிச்சிருந்தாங்க. வலிச்சுது. சொல்லிருடி, சத்தமா சொல்லிருன்னு முணுமுணுத்தாங்க. எனக்கும் சொல்லணும்னுதான் இருந்துச்சு. வீட்டுக்குப் போகணும் போல இருந்துச்சு.

ஆன்ட்டி என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அவங்க தோள்ல ஒரு துண்டு கிடந்துச்சு. மடிப்பு கலையாம.

"என்னம்மா சொன்னார்?"

நான் அந்தத் துண்டப் பாத்தேன்.

"அவருக்கே தெரியலயாம் ஆன்ட்டி."

அம்மா என் கைய விட்டுட்டாங்க. ஆன்ட்டி மூச்சு விட்டாங்க. அவ்வளவு நாளா அடக்கி வச்சிருந்த மாதிரி நீளமா வந்துச்சு. கேட்டீங்களா, அவருக்கே தெரியாதாம்னு சொந்தக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொன்னாங்க. முகம் தெளிஞ்சிருந்துச்சு. அப்புறம் இன்னொரு பாய் எடுத்துட்டு வந்து அவர் பக்கத்துல விரிச்சாங்க. ஓரம் சுருண்டுக்கிட்டே இருந்துச்சு. உள்ளங்கையால அழுத்தி நேராக்குனாங்க.

அம்மா போய் பொம்பளைங்களோட உக்காந்தாங்க.

நான் படுத்தேன். பாய் சின்னது. பரமகுரு அங்கிள் கொஞ்சம் தள்ளிப் படுத்து எடம் விட்டார்.