மச்சான் போட்ட மாலை

தங்கை அன்புக்கரசியின் கல்யாணத்துக்குப் புகழேந்தி முதல்முறையாக வேட்டி கட்டிக்கொண்டு போனான். பெண்ணாகப் பிறந்தவன், ஆணாக வாழத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அடையாறில் ஒரு டூவீலர் கடையில் மெக்கானிக் வேலை. கடையில் எல்லோருக்கும் அவன் புகழ். சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்னும் தேவானையின் பெரிய பெண்.

அம்மா தேவானை போனில் சொல்லியிருந்தாள். "தங்கச்சி அழுவுது, அதனால வா. ஆனா மேடையாண்ட வராத. பின்னாடி குந்திக்க. மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி என் மானத்த வாங்காத."

மயிலாப்பூர் சந்து ஒன்றில் சின்ன மண்டபம். கடைசி வரிசையில் ஓர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். கை அடிக்கொரு தரம் இடுப்புக்குப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தது. சித்தி ஒருத்தி திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வியர்வை தாங்காமல் முகம் கழுவப் போனான். ஆண்கள் கழிப்பறை வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "கொஞ்சம் வழி வுடுங்க" என்றான். குரலைக் கேட்டதும் அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யம்மா, இது ஜென்ட்ஸு. லேடீஸ் மாடில கீது."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். அதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கழுவாமலே வாசலுக்கு நடந்தான். இந்த வேட்டியை அவிழ்த்துப் போட்டால் போதும், திருவல்லிக்கேணியில் இருக்கும் அறைக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

ஆனால் வாசலை மேளச்சத்தம் அடைத்துக்கொண்டது. பிள்ளையார் கோயிலுக்குப் போன மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. புகழேந்தி ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"மச்சான் யாருப்பா? மாலை போட்டுக் கூட்டிக்கினு போங்க" என்று குரல் வந்தது.

மாலையோடு நின்ற தாய்மாமன் பஞ்சாட்சரம், "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. என் பையன் போடுவான்" என்றார். ஆரத்தித் தட்டோடு நின்ற தேவானை தலை குனிந்துகொண்டாள்.

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை பாலு நின்றான். "இல்லியா? அண்ணன் வந்துக்கீறாருன்னு அன்பு சொல்லிச்சே, போட்டோ கூட காட்டிச்சே." அவன் கண்கள் தேடின. "தோ கீறாரே! இன்னா மச்சான், ஒளிஞ்சிக்கினு கீற? வா."

எல்லாத் தலைகளும் திரும்பின. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது புகழேந்திக்கு. எப்படி நடந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மாமா மாலையைக் கையில் திணித்தார். அவசரமாகப் போட்டதில் மாலை பாலுவின் தலைப்பாகையில் சிக்கிக்கொண்டது. பாலு குனிந்து கொடுத்தான். குனிந்தவன் காதோரம் சொன்னான்:

"வேட்டி உனக்கு சோக்கா கீது மச்சான். மாப்ள நீயா நானான்னே தெர்ல. நான் பெல்ட்டு போட்டுக்கீறேன், அப்பவும் நழுவுது. கைய வுட்டுடாத."

புகழேந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கழிப்பறை வாசலில் பார்த்த பெரியவரைக் கடக்கும்போது காது சுட்டது, கண் தானாகத் தாழ்ந்தது. ஆனாலும் கையை விடவில்லை. குனிந்தே பழகிய முதுகு மேடைப் படி ஏறுவதற்குள் எப்போதோ நிமிர்ந்திருந்தது.

"பொரி போடணும். பொண்ணோட அண்ணன் யாரு?" என்று கேட்டார் புரோகிதர்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான். "நான்தான்." மைக்கில் விழுந்த அந்த மெல்லிய குரலைக் கேட்டுக் கீழே ஒரு சலசலப்பு. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கையின் ஏந்திய கைகளில் பொரியை அள்ளிப் போட்டான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

முதல் பந்தி உட்கார்ந்தபோது அவன் பழையபடி ஓரமாகப் போய் நின்றான். தேவானை வேகமாக வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு சாம்பார் வாளியத் தூக்கு. கூடப்பொறந்தவன் சும்மா நின்னுக்கினு இருந்தா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போனான்.