சுவர்ப் பக்கச் சக்கரம்

கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டுமென்றால் முதலில் வண்டியை மேலே தூக்க வேண்டும். ஜாக் தூக்கத்தான், தாங்குவதற்கு அல்ல. அதற்குள் இருக்கும் எண்ணெய் ஒரு சின்ன வால்வை நம்பி நிற்கிறது. வால்வில் மண் சிக்கினால் பாரம் மெல்ல இறங்கிவிடும். அதனால் தூக்கியதும், கால் விரித்து நிற்கும் இரும்பு ஸ்டாண்டுகளை வண்டியின் கனமான சட்டத்துக்கு அடியில் கொடுத்து, பாரத்தை அவற்றின்மேல் உட்கார வைக்க வேண்டும்.

இதை அண்ணனிடம் சொன்னபோது, "சரிங்க வாத்தியாரம்மா, பாடம் முடிஞ்சுதா?" என்றான்.

அவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். கியர் மாறாமல் நின்றுபோன அவன் கார், எங்கள் ஷெட்டில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி நின்றது. அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் கை நுழையும். ஆள் நுழைய முடியாது. நான் டார்ச் எடுத்து வருவதற்குள், முன்பக்கமாகக் குனிந்து அங்கேயும் ஸ்டாண்டை வைத்து முடித்துவிட்டான். படுக்க இடைஞ்சல் என்று ஜாக்கையும் வெளியே உருட்டிவிட்டிருந்தான்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். அடியில் போகப்போவது அண்ணனின் மார்பு என்பதால், வண்டியைத் தள்ளி ஆட்டியும் பார்த்தேன். அசையவில்லை. அவன் அட்டையை விரித்துப் படுத்து, கியர் ஆயிலை வடிக்க உள்ளே நகர்ந்தான்.

நான் இந்தப் பக்க முன்சக்கரத்தின் அருகே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வின் கறுப்பு மூடி கீழே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலே ஏறி வந்தது.

"அண்ணா, சக்கரத்தைத் தொட்டியா?"

"ரெண்டு கையும் எண்ணெயில கிடக்கு. எந்தக் கையால தொடுறது?"

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் வளைவில் திரும்ப முடியாது. அதற்காக இரண்டுக்கும் நடுவே சில பற்சக்கரங்கள் இருக்கின்றன. வண்டி கியரில் நிற்கும்போது, தூக்கி வைத்த முன்சக்கரங்களில் ஒன்றை முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றும். எங்கள் வண்டியும் முதல் கியரில்தான் சிக்கி நின்றிருந்தது. என் பக்கச் சக்கரம் தானாக முன்னோக்கிச் சுற்றுகிறது என்றால், சுவர்ப் பக்கச் சக்கரத்தை யாரோ பின்னோக்கிச் சுற்றுகிறார்கள்.

சக்கரத்தை இறுகப் பிடித்தேன். நின்றது. பிறகு என் கைக்குள் லேசாக இழுத்தது. விட்டது. மறுபடியும் இழுத்தது. தூங்குகிறவரின் தோளைத் தொட்டு எழுப்புவதுபோல, அவ்வளவு பொறுமையாக.

"அண்ணா, வெளியே வா."

"இரு, இன்னும் கொஞ்சந்தான் வடியணும்."

"வாடா வெளியே!"

பிறந்ததிலிருந்து அவனை நான் 'டா' போட்டதில்லை. கோபத்தில் அப்படியே சறுக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தான். "யாரைப் பாத்து டா-ங்கிற? வாய் ரொம்ப..."

படீரென்று ஒரு சத்தம். வண்டி சுவர்ப் பக்கமாகக் கீழே போனது. எண்ணெய் பிடிக்க வைத்திருந்த தகர டப்பா, வண்டியின் அடியில் பாதியாக நசுங்கிக் கிடந்தது.

அண்ணன் அந்த டப்பாவைப் பார்த்தபடி, "அந்தப் பக்கம் தரை சரிவு. ஸ்டாண்டு எட்டல. அதான் அடியில ஒரு ஹாலோ பிளாக் வச்சேன்" என்றான்.

சுவர் கட்டும்போது, உள்ளே வெற்றிடம் விட்ட அந்தச் சிமென்ட் கல்லின்மேல் பாரம் பரவலாக விழும், தாங்கிக்கொள்ளும். ஸ்டாண்டின் கால்கள் நாலு இடத்தில் குத்தி நின்றால், சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். கல் விரிசல் விட்டு, வண்டி மெல்ல இறங்கி, டயர் சுவரில் உரசித்தான் சக்கரம் சுற்றியதா? எனக்கும் அந்த விளக்கம்தான் வேண்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் அடைந்திருந்த தூசியில் ஒரு கீறல்கூட இல்லை. சக்கரம் தானாகச் சுற்றியதையும், என் கையை இழுத்து இழுத்து விட்டதையும் அண்ணனிடம் சொன்னேன்.

மறுநாள் வண்டியை ஜாக்கால் தூக்கி எடுத்து, நான் கிளட்ச்சை மிதித்துக்கொள்ள அண்ணன் தள்ளி, முற்றத்தின் நடுவே, சமமான சிமென்ட் தரையில் நிறுத்தினோம். பெரிய ஸ்டாண்டுகளை இரவல் வாங்கி வந்தேன். பாரத்தை அவற்றின்மேல் இறக்கியபிறகும் ஜாக்கை எடுக்காமல், சட்டத்தை லேசாகத் தொடும்படி விட்டுவைத்தேன். அண்ணன் இரண்டு பக்கமும் போய்க் குனிந்து பார்த்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம் என்றான்.

"ஒரு ஆள் நடக்க இடம் இருக்கே. போதாதா?"

"நமக்குப் போதும். அவருக்கு உக்கார இடம் வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை. அட்டையை விரித்துப் படுத்தான். உள்ளே நகருமுன், அந்தப் பக்கச் சக்கரத்தின் அருகே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான்.

நான் இந்தப் பக்கச் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.