மறுநாளே வீட்டுக்கு

கட்டிலிலிருந்து கணவரை நாற்காலிக்கு மாற்றும்போதுதான் அவள் முதுகில் ஏதோ நொறுங்கியது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனுஷர். லாரி ஓட்டிய உடம்பு. மூன்று வருடமாகத் தூக்குவது, புரட்டுவது, துடைப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் டாக்டர். “முதுகைக் கிழிக்கப் போறதில்ல. ஊசி நுழையற அளவுக்கு ரெண்டே ஓட்டை. உள்ளே பலூனை ஊதி எலும்பை நிமிர்த்திட்டு, சிமெண்ட் வெச்சு அடைச்சிடுவோம். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்.”

மகனுக்கு உயிர் வந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

“கிழிச்சுப் பண்றதும் இருக்குல்ல டாக்டர்? அதையே பண்ணிடுங்களேன்.”

“ஏம்மா?”

“அதுல ஒரு மாசமாவது படுக்கச் சொல்வீங்க.”

டாக்டர் சிரித்தார். “அம்மா எப்பவும் இப்படித்தான், தமாஷா ஏதாவது சொல்வாங்க,” என்றான் மகன்.

வலி விட்டது உண்மைதான். மறுநாள் மாலை நடந்தே வீட்டுப் படியேறினாள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் அவளைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். “இவ்வளவுதானா அண்ணி? ரெண்டு பொட்டு வெச்ச மாதிரி இருக்கு.” நாத்தனாரின் பெட்டி ஏற்கெனவே வாசலில் இருந்தது. “பாரம் எதுவும் தூக்காதம்மா,” என்றான் மகன். அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே தானும் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

விளக்கு போடும்போது கணவரின் படுக்கை நனைந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினாள். தன்னையறியாமல் முனகிவிட்டாள். அது அவர் காதில் விழுந்தது.

அடுத்த நாளிலிருந்து தண்ணீர் டம்ளரை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். தொண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். உதடு வெடித்து, சிறுநீர் கருத்துப் போனபோது புரிந்தது. குடித்தால் நனையும், நனைந்தால் அவள் தூக்கவேண்டும்.

கட்டிலோரம் உட்கார்ந்தாள். “வாயைத் தொறங்க.”

அவர் சுவரைப் பார்த்தார்.

“தண்ணி குடிக்காம காய்ச்சல்ல விழுந்தா, ஆஸ்பத்திரிக்கு உங்களை யாரு தூக்குவா? அதுவும் நான்தானே.”

அவர் கண் கலங்கியது. வாய் கோணலாகத் திறந்தது. மடக்கு மடக்காக ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது. கீழே கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தபோது, சிமெண்ட் வைத்த இடத்துக்கு மேலே, புதிதாக ஓரிடத்தில் சுருக்கென்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.