விண்ணப்பப் பெட்டிக்குள் விழுந்த முதல் பக்கம்

சனிக்கிழமை மதியம். சிங்கப்பூர், பிடோக் வீட்டில் அம்மாவின் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். நடுவில் மடித்து வைத்திருந்த தாளைக் காணோம்.

“அம்மா, இதுல இருந்த பேப்பர் எங்கே?”

“உன் விண்ணப்பம்தானே? நேத்தே சர்ச் பெட்டியில போட்டுட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு எழுதித் தாடின்னு ஒரு மாசமா கத்தினேன். எழுதிட்டு ஒளிச்சு வச்சிருக்கே பாரு.”

“படிச்சியா?”

“சீ! மாதாவுக்கு எழுதினதை நான் எதுக்குப் பிரிக்கணும்?”

என் அம்மா உர்சுலா, ஆரம்பப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். பிறர் தாளைப் பிரிக்காத நாகரிகம் அம்மாவுக்கு இருந்தது. அதுதான் என்னை மாட்டிவிட்டது.

அது விண்ணப்பம் இல்லை. என் டைரியின் முதல் பக்கம். என் கழுத்துச் சிவப்பைப் பார்த்த ஆபீஸ் தோழி ஈவாதான் ஆரம்பிக்கச் சொன்னாள். “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். தேதி போடு, நடந்ததை மட்டும் எழுது. அழகா எழுதாதே. அப்புறம் நீயே ‘அப்படி ஒண்ணும் நடக்கல’ன்னு சொல்ல முடியாது லா.”

நோட்டு வாங்கினால் கீத் பார்த்துவிடுவான். ஜூனில் நான் கட்டிக்கொள்ளப் போகிறவன். என் கைப்பை, ஃபோன் இரண்டையும் சோதிப்பவன். பள்ளியில் இரண்டாம் மொழியாக மலாய் எடுத்தவன், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஒற்றை ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில், தமிழில் எழுதி அம்மாவின் புத்தகத்தில் ஒளித்தேன்.

‘மார்ச் 4, புதன். கார்பார்க், மூன்றாம் மாடி. ஃபோன் பாஸ்வேர்டை மாற்றியதற்காக கீத் என் கழுத்தைப் பிடித்து அழுத்தினான். மூச்சு வரவில்லை. இது இரண்டாம் தடவை.’

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாதா நவநாள் ஜெபத்தில், அந்தப் பெட்டியில் விழுந்த விண்ணப்பங்களை மைக்கில் வாசிப்பார்கள். வாசிப்பவர் லொரைன் ஆன்ட்டி. கீத்தின் அம்மா.

ரயிலில் மூன்று முறை ஃபோன் அடித்தது. கீத். எடுக்கவில்லை. ‘எங்கே இருக்கே?’ என்று மெசேஜ் வந்தது. ஜாலான் புசார் ஸ்டேஷனில் இறங்கி சர்ச்சுக்கு ஓடினேன்.

நவநாள் தொடங்கியிருந்தது. யாருக்கோ முழங்கால் ஆபரேஷன். யார் மகனுக்கோ வேலை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் பதில் சொன்னது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் எங்கள் ஆபீஸின் நீல முத்திரை.

“மார்ச் நாலு, புதன். கார்பார்க்...”

லொரைன் ஆன்ட்டி நின்றார். கண்கள் மட்டும் கீழே இறங்கின. பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். தாளை மடித்தார்.

“ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக,” என்றார் மைக்கில்.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றார்கள் எல்லோரும்.

முடிந்ததும் மெழுகுவர்த்தி மேடையருகே லொரைன் ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டிருந்தது.

“அவன் அப்பாவும் ஆரம்பத்துல இப்படித்தான் கேர்ள். பிள்ளை பிறந்ததும் அடங்கிட்டாரு. இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாது.”

“பேப்பரைக் குடுங்க ஆன்ட்டி.”

அவர் அதை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டார். “கீத் வெளியே கார்ல இருக்கான். வா, நான் பேசுறேன். நான் சொன்னா கேப்பான்.”

உங்கள் புருஷன் எப்போதாவது கேட்டாரா என்று கத்த வாயெடுத்தேன். பயம் அதை அடைத்தது. பக்கவாசல் வழியாக வெளியேறினேன். முதலில் கண்ணில் பட்ட கடையில் ஒரு நோட்டு வாங்கினேன். திரும்பும் ரயிலில் அதே வரிகளைத் திரும்ப எழுதினேன். கீழே அன்றைய தேதி போட்டு, ஆன்ட்டி சொன்னதையும் கிழித்ததையும் சேர்த்தேன். எழுத்து கோணலாக வந்தது.

வீட்டில் நோட்டை அம்மா மடியில் வைத்தேன். “இது மாதாவுக்கு இல்லம்மா. உனக்கு. படி.”

அம்மாவின் விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. ‘கழுத்தை’ என்ற சொல்லில் நின்றது. என் கழுத்துச் சால்வையை இழுத்துப் பார்த்தார். எழுந்துபோய் வாசல் கேட்டில் பூட்டைப் போட்டார். சாவியை மடியில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“மீதியை நீ வாசி. உன் கையெழுத்து புரியல.”

லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காலடிகள் எங்கள் பக்கம் திரும்பின. கீத்தின் ஷூ சத்தம் எனக்குத் தெரியும்.

“வாசிடி,” என்றார் அம்மா. “சத்தமா.”