கொம்பு எந்தப் பக்கம்

அவளுக்குக் கொம்பு என்று பட்டப்பெயர். தலையில் கொம்பு முளைத்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். 'வெ' எழுதச் சொன்னால் முதலில் 'வ' போடுவாள், பிறகுதான் அதன் வலப்பக்கத்தில் கொம்பு. காதில் அந்த வரிசையில்தானே விழுகிறது? அவள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நியாயத்துக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்? நாலாம் வகுப்பிலிருந்து எடுத்து, வராந்தாக் கோடியில் இருந்த சிறப்பு வகுப்பில் போட்டுவிட்டார்கள். முன்பு உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. ஜன்னல் பாதிதான் திறக்கும். பழைய தோழிகள் பந்து விளையாடுவது அதன் வழியாகத் தெரியும். கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்காது.

தலைமையாசிரியை ஒரு வழி சொல்லியிருந்தார். "கண்காட்சிக் கதவுல ஒட்ட 'வெளியே'ன்னு ஒரு வார்த்தை வேணும். அதைத் தப்பில்லாம பண்ணட்டும், பழைய வகுப்புக்கே அனுப்பிடறேன்."

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இரண்டும் இருக்கிற வார்த்தையாகப் பார்த்துப் பிடித்திருந்தார், மகராசி.

வீட்டில் அம்மா விடவில்லை. சாப்பிடும்போதும் தலை பின்னும்போதும் ஒரே பாட்டு: "கொம்பு முதல்ல. எழுத்து அப்புறம்." தவறினால் பின்னலில் ஒரு இழுப்பு. பாவம், அம்மாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. ஒருவழியாகப் பெண்ணின் கை பழகிவிட்டது.

கண்காட்சிக்கு அச்சு வேலை. ரப்பர் பலகையில் சிறு உளியால் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்ற வேண்டும்.

"இதுல மட்டும் எல்லாத்தையும் திருப்பிச் செதுக்கணும், கண்ணாடியில தெரியற மாதிரி," என்றார் டிராயிங் டீச்சர். "கொம்பு வலப்பக்கம் வரணும். அப்பதான் தாள்ல நேரா விழும்."

தன்னை மாட்டிவிடத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திருப்பிச் செதுக்கினார்கள். இவள் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு நேராகவே செதுக்கினாள், அச்சு அசலாக அம்மா சொன்னபடி.

தலைமையாசிரியை வந்து நின்ற பிறகுதான் மை தடவினார்கள். தாளை உரித்தார்கள். எழுத்தெல்லாம் புரண்டு கிடந்தது. கொம்பு இரண்டும் வலப்பக்கம்.

"இன்னும் அதே கதைதானா?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் பலகையைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க மேடம். ஒரு தப்பு இல்ல. எல்லாம் நேரா இருக்கு."

"பலகையை யார் படிக்கப் போறா? தாளைத்தானே படிப்பாங்க. மத்த பிள்ளைங்களுக்கு வந்திருக்கே. இந்த வருஷம் இங்கயே இருக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். டீச்சர் தாளை மடிப்பதா, கிழிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அவள் அழவில்லை. புதுப் பலகை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பாவே எழுதறேன் டீச்சர். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."