ஒரு தேசத்துக்கு ரவுண்டு சீல்

தமயந்திக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். ரப்பர் ஷீட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் மர்பி டவுனில் இருக்கும் அவளுடைய ரப்பர் ஸ்டாம்ப் கடையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை நறுக்கிப் போட்டாயிற்று. காரணம், எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லாடோ.

லாடோ ஆப்பிரிக்காக்காரன். பெங்களூருக்குப் படிக்க வந்து நாலு வருஷம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் போட வந்தவன், அவள் டிபன் பாக்ஸில் பங்கு கேட்கிற அளவுக்கு உறவாகிவிட்டான். "அக்கா, ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவான். கன்னடத்தில், சாப்பாடு ஆச்சா என்ற அந்த ஒரு கேள்வியையும் தமிழில் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட பிள்ளை. போன மாதம் அவன் நாட்டுக்கு விடுதலை கிடைத்தபோது தெரு முழுக்க கேக் கொடுத்தான். தமயந்தி கண் கலங்கி, கண் பட்டுவிடப் போகிறதென்று அவனுக்குச் சுற்றிப் போட்டாள்.

விடுதலை வந்துவிட்டது, அரசாங்கம்தான் வந்தபாடில்லை. ஒன்றாய்ச் சண்டை போட்டு ஜெயித்த மூன்று கட்சிகளும் யாருக்கு எந்த மந்திரி பதவி என்று இப்போது ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. கல்வி அமைச்சகம் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இரண்டு அறை. மேஜை இருந்தது, நாற்காலிகளை அடுத்த அமைச்சகத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வேலையில் சேரத்தான் லாடோ அன்று ராத்திரி விமானம் ஏறுகிறான். திங்கட்கிழமை புது நாட்டின் முதல் பள்ளி இறுதிச் சான்றிதழ்களைக் கொடுத்தாக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அதில் அவன் தங்கையும் ஒருத்தி. அந்த வாரத்தோடு பக்கத்து நாட்டுக் கல்லூரிகளில் சேர்க்கை முடிகிறது. முத்திரை விழாத சான்றிதழை அங்கே யாரும் கையால்கூடத் தொட மாட்டார்கள். அமைச்சகத்துக்கு ஒரு சீல் செய்து கொடுங்கள் என்றுதான் காலையிலிருந்து அவன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்க ஊர்ல சீல் செய்ற கடையே இல்லியா?"

"பழைய தலைநகரத்துலதான் இருக்கு அக்கா. அவங்கள விட்டுப் பிரிஞ்சு வந்துட்டு, அவங்ககிட்டயே போயி ஒரு சீல் பண்ணிக் குடுங்கன்னு எப்டி கேக்கறது?"

நியாயம்தான். ஆனால் இந்தக் கடைக்கும் ஒரு சட்டம் உண்டு. சர்க்கார் முத்திரை செய்ய வேண்டுமென்றால், அந்த ஆபீஸ் முத்திரை போட்ட கடிதம் வர வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவனின் இனிப்பான பேச்சை நம்பி, அவள் கணவன் நாகேஷ் ஒரு தாசில்தார் சீல் செய்து கொடுத்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தான். அதற்கப்புறம் மனுஷன் கடைப்பக்கமே வருவதில்லை. பொம்மனஹள்ளியில் கம்பெனி வேலைக்குப் போகிறான்.

"லெட்டர்ல சீல் இருக்கணும் லாடோ."

"சீல் இருந்தா நான் ஏன் அக்கா இங்க வரேன்?"

இன்னும் கொஞ்சம் ரப்பர் நறுக்கினாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க கே.ஜி.எஃப்ல கோல்டு மைன்ஸ்காரன் நோட்டீஸ் ஒட்னா, மூணு தொழிலாளர் சங்கமும் கையெழுத்து போட்டாத்தான் எங்கப்பா நம்புவாரு. ஒரு சங்கம் மட்டும் போட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு. உங்க மூணு கட்சித் தலைவருங்களும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்பட்டும். அப்ப செஞ்சு தரேன்."

பெரிய ராஜதந்திரம் எதுவும் அவள் மனசில் இல்லை. பயம், அவ்வளவுதான்.

லாடோவின் முகம் தொங்கிப்போயிற்று. "அவங்க மூணு பேரும் ஒரே ரூம்ல உக்காரவே மாட்டாங்க அக்கா."

"உக்கார வேணாம்பா. கையெழுத்து போட்டா போதும்."

அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். புரியாத பாஷையில் அவன் கெஞ்சுவதும் அதட்டுவதும் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவள் சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டரில் வட்டம் போட்டு, 'கல்வி அமைச்சகம்' என்பதை ஆங்கிலத்தில் சுற்றவிட்டாள். இரண்டாவது கட்சிக்கு 'விளையாட்டு' என்றும் சேர்க்க வேண்டுமாம் என்று லாடோ வந்து சொன்னான், சேர்த்தாள். மூன்றாவது கட்சிக்கு அது ஆகாதாம், எடுத்தாள். மறுபடி சேர்க்கச் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'கடிதமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தூக்கிக்கொண்டு போ' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஸ்டேஷனிலிருந்து திரும்பிய நாகேஷின் முகம் நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு அவன் போனில் கடிதத்தின் படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், கையால் எழுதிய நாலு வரி, கீழே மூன்று கையெழுத்து. லாடோ போனையே பார்த்தபடி நின்றான்.

"இன்னாப்பா, தப்பா அனுப்பிட்டாங்களா?"

"இல்ல அக்கா." மூன்றாவது கையெழுத்தின் மேல் விரலை வைத்தான். "இவரோட ஆளுங்கதான் எங்க அண்ணன சுட்டாங்க."

அண்ணன் செத்தது அவளுக்குத் தெரியும். கட்சிகளுக்குள் நடந்த சண்டை என்று மட்டும் சொல்லியிருந்தான். யார் சுட்டது என்று சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அவன் விரல் பக்கத்துக் கையெழுத்துக்கு நகர்ந்தது. "இது எங்க அப்பா. இந்தக் கட்சிக்கு அவருதான் தலைவரு. பேப்பர எடுத்துக்கிட்டு அவரே அந்த ஆளு வீட்டுக்கு நடந்து போயிருக்காருன்னு தங்கச்சி எழுதியிருக்கா."

தன்னுடைய பயத்துக்காக ஒரு தகப்பனை அந்த வாசலுக்கு நடக்கவைத்துவிட்டோமே என்று தமயந்தி கூசிப்போனாள்.

"எனக்குத் தெரியாது கண்ணா. தெரிஞ்சிருந்தா கேட்டே இருக்க மாட்டேன். மன்னிச்சிடுடா."

"அந்த ஆளு டீ குடுத்தாராம் அக்கா." போனைப் பாக்கெட்டில் போட்டான். "அப்பா குடிச்சாராம்."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். தமயந்தி மெஷினை ஓடவிட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். சீல் வெட்டி முடிகிற வரைக்கும் அவன் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.